நூற்றெட்டாம் எண்ணில் ஒரு கல்யாணம்

கவனமில்லாதவர்கள் செய்யும் தவறுகள் சின்னவை. குடையை மறப்பார்கள், பாலைப் பொங்க விடுவார்கள், அத்தோடு முடிந்துவிடும். ஒரு குடும்பத்தையே தலைகுனிய வைக்கும் அளவுக்குத் தவறு செய்ய வேண்டுமென்றால் அதற்கு மிகுந்த கவனம் வேண்டும். ஒன்றை மூன்று முறை சரிபார்க்கும் குணம் வேண்டும். அந்தக் குணம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. வீட்டைப் பூட்டிவிட்டுப் பாதித் தெரு போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பவள் நான். (இழுத்த இழுப்பில் ஒரு தடவை பூட்டே கையோடு வந்துவிட்டது. அது வேறு கதை.)

அப்போது பினாங்கு ஜார்ஜ் டவுனில், லெபோ பந்தாய்த் தெருவில் ஒரு கடைவீட்டு மாடியில் இருந்த கம்ப்யூட்டர் நிலையம் ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். சின்ன வியாபாரிகளிடம் கம்ப்யூட்டர் இல்லாத காலம். கிளப், கிளினிக், சங்கம், மளிகை மொத்த வியாபாரம் என்று பலரும் எங்களிடம் வருவார்கள். ஒரு கடிதமும் பெயர் வரிசையும் கொடுப்பார்கள். நாங்கள் அதைத் தட்டி ஏற்றினால், குளிர்சாதனப்பெட்டி அளவிலிருந்த எங்கள் மெஷின், ஒவ்வொருவர் பெயரையும் போட்டு அதே கடிதத்தைத் தனித்தனியாக அச்சடித்துத் தள்ளும். வாங்குகிறவருக்குத் தனக்கென்றே எழுதியது போல ஒரு பெருமை.

இந்த மெஷினைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் பின்னால் நடந்தது எதுவும் விளங்காது. (சொன்ன பிறகும் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் விளங்கவில்லை.) மெஷினுக்குப் பெயர்கள் தெரியாது, எண்கள் மட்டும்தான் தெரியும். ஒவ்வொரு வேலைக்கும் நாங்கள் தற்காலிகமாக ஒரு பயனரையும் ஒரு குழுவையும் உண்டாக்குவோம். பயனர் ஓர் ஆள் மாதிரி. அச்சடிக்கும் வேலை அவர் பெயரில் நடக்கும். குழு ஒரு குடும்பம் மாதிரி. அந்த வேலைக்கான கடிதமும் பெயர்களும் அந்தக் குடும்பத்துச் சொத்து. ஆளுக்கும் குடும்பத்துக்கும் தனித்தனியே ஓர் எண். நாம் திரையில் பார்க்கும்போது மெஷின் அந்த எண்ணுக்குரிய பெயரைத் தேடி எடுத்துக் காட்டும். வேலை முடிந்ததும் பயனர் பெயரையும் குழுப் பெயரையும் அழித்துவிடுவோம். கோப்பு ஏதாவது மிஞ்சியிருந்தால், சொந்தக்காரர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் எண் மட்டும் நிற்கும்.

அப்படிப் பெயரிழந்து நிற்கும் கோப்புகள் யாருடையவை என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலை. கைக்குழந்தைக்காரியான எனக்கு அவற்றை அப்படியே விட்டுவிட்டுப் போக மனம் வராது. என்னோடு வேலை செய்த மெய் லிங் சிரிப்பாள்.

"நீ என்ன, அநாதை ஆசிரமமா நடத்துற? அது ஃபைல் லா."

இதிலே ஆபத்து ஒன்று உண்டு. பழைய எண்ணைப் புதியவருக்குக் கொடுத்துவிட்டால், மிஞ்சிய கோப்புக்கெல்லாம் புதியவர்தான் சொந்தக்காரர் என்று மெஷின் நினைத்துக்கொள்ளும். காலி செய்த வீட்டில் விட்டுப்போன அலமாரி, அடுத்துக் குடிவந்தவருக்குச் சொந்தமாகிவிடுவது போல. அதனால் எண்ணை மெஷினே பார்த்துக் கொடுக்கும்படி விட்டுவிடுவோம். ஆனால் எங்கள் முதலாளி மிஸ்டர் லிம் இளகிய மனம் படைத்தவர். ராசியான எண் வேண்டும் என்று தவுக்கே, அதாவது சீன முதலாளி, யாராவது கேட்டால், கையால் போட்டுக் கொடுக்கச் சொல்வார். பினாங்குச் சீனர்களிடம் எட்டு என்ற எண்ணுக்கு இருக்கும் மரியாதை உங்களுக்குத் தெரியும்.

இப்போது கல்யாணத்துக்கு வருகிறேன்.

என் கணவரின் தங்கை சாந்தினிக்கு மாப்பிள்ளை நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீடு சுங்கை பாக்காப். மாப்பிள்ளையின் அப்பா அந்தப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பெரிய கிராணியாக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றும் எல்லோருக்கும் அவர் பெரிய கிராணிதான். அவர் இருமினால் பக்கத்து வீட்டு நாய்கூட எழுந்து நிற்கும் என்பார்கள். சில மாதங்களுக்கு முன்னால் கோலாலம்பூரில் அவருக்கு இதய அறுவை சிகிச்சை நடந்திருந்தது. பிழைத்து வந்தார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் அவர் முன்னால் உடம்பு, டாக்டர், ஆயுசு என்ற எந்தச் சொல்லையும் எடுப்பதில்லை. செய்தித்தாளில் மரண அறிவிப்புப் பக்கத்தை உருவிவிட்டுத்தான் அவர் கையில் கொடுப்பார்களாம். 'என் கண் முன்னால் மகன் கல்யாணம் நடக்க வேண்டும்' என்று அவசரப்பட்டு நாள் குறித்தவர் அவர்தான்.

எங்கள் வழக்கப்படி குங்குமச்சிமிழோடு வீடு வீடாகப் போய் அழைக்க வேண்டும். ஆனால் மாமனாருக்கு மூட்டுவலி, என் கணவர் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை, நான் கைக்குழந்தைக்காரி. சொந்தக்காரர்களோ நிபோங் திபால் வரைக்கும் சிதறிக் கிடந்தார்கள். அழைப்பிதழைத் தபாலில் அனுப்பலாம் என்று முடிவானது. அப்போது யாரும் கேட்காமலே நான் வாயைத் திறந்தேன்.

"மாமி, கார்டுக்குள்ள தனியா ஒரு லெட்டர் வைக்கலாம். ஒவ்வொருத்தர் பேரும் போட்டு. நேர்ல வந்து கூப்பிட்ட மாதிரியே இருக்கும். ஆபீஸ்ல நானே அடிச்சுத் தர்றேன்."

மாமியாருக்கு முகமெல்லாம் பல். சாந்தினி உடனே சுங்கை பாக்காப்புக்குப் போன் போட்டு அண்ணியின் பெருமையைச் சொன்னாள். மறுநாளே பெரிய கிராணி தங்கள் பக்கத்துப் பெயர்களையும் அனுப்பிவிட்டார். ஆக, இரண்டு பக்கத்து உறவும் என் கையில்.

மிஸ்டர் லிம் அனுமதி கொடுத்தார். வேலைக்கு 'கல்யாணம்' என்று ஆங்கில எழுத்தில் பெயர் வைத்து ஒரு பயனர், ஒரு குழு. எண் கேட்டு மெஷின் காத்திருந்தது. சும்மா விட்டிருந்தால் அதுவே ஏதோ ஓர் எண்ணைப் போட்டிருக்கும். ஆனால் இது நம் வீட்டுக் கல்யாணம். நாத்தனார் வாழ்க்கையை ஏதோ ஓர் எண்ணில் ஆரம்பிப்பதா? நூற்றெட்டு காலியாக இருக்கிறதா என்று பார்த்தேன். பயனரிலும் காலி, குழுவிலும் காலி. எனக்குப் புல்லரித்துவிட்டது. அர்ச்சனை நூற்றெட்டு, பிள்ளையார் கோயிலில் சுற்றுவது நூற்றெட்டு, அந்த எண் எனக்காகவே காத்திருக்கிறது!

சும்மா போட்டுவிடவில்லை. நான் யார்? மெஷின் முழுவதும் தேடச் சொன்னேன். நூற்றெட்டாம் எண் பயனரின் கோப்பு ஏதாவது மிஞ்சியிருக்கிறதா? இல்லை. இன்னொரு முறை தேடினேன். இல்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்றாம் முறையும் தேடினேன். இல்லவே இல்லை.

குழுப் பக்கம் தேட எனக்குத் தோன்றவில்லை. ஜாதகத்தில் ஒன்பது பொருத்தமும் பார்த்துவிட்டுப் பத்தாவதைப் பார்க்காமல் தாம்பூலம் மாற்றுவது போலத்தான். ஆளைப் பற்றி அத்தனை விசாரித்தேன், குடும்பத்தைப் பற்றி விசாரிக்கவில்லை.

நூற்றெட்டாம் எண் குழுவில் முன்பு குடியிருந்தது ஒரு சவப்பெட்டிக் கம்பெனி.

அதன் தவுக்கே பக்திமான். பிரார்த்தனை மாலையில் நூற்றெட்டு மணி இருக்கிறது என்று அந்த எண்ணைக் கேட்டு வாங்கியிருந்தார். சவப்பெட்டியோடு, மலைச்சரிவில் புதைக்க இடமும் முன்கூட்டியே விற்பது அவர் தொழில். முதல் தவணைக் கடிதங்கள் போய்விட்டன. அந்த வேலையின் பயனரையும் குழுவையும் பெயர் வரிசையையும் மெய் லிங் அழித்துவிட்டாள். அடுத்த தவணைக்கு வேண்டுமே என்று கடிதத்தை மட்டும் விட்டுவைத்திருந்தாள். அந்தக் கடிதத்தை எழுதிய ஆள் என்ற இடத்தில் மெய் லிங் பெயர். குழு என்ற இடத்தில் வெறும் நூற்றெட்டு. நான் 'கல்யாணம்' குழுவை உண்டாக்கிய அந்த நொடியே அது எங்கள் குடும்பச் சொத்தாகிவிட்டது.

எங்கள் அச்சடிக்கும் நிரலுக்கு ஒரு பழக்கம். குழுவில் இரண்டு கடிதம் இருந்தால் மூத்ததை எடுத்துக்கொள்ளும்.

அச்சடிக்கும் நாளன்று காலையில் என் கடிதத்தைத் திரையில் கொண்டுவந்து எழுத்தெழுத்தாகப் படித்தேன். சுங்கை பாக்காப்பிலிருந்து பஸ் புறப்படும் இடம், மண்டபத்துக்கு வழி, 'தங்கள் வருகையே எங்களுக்குப் பெருமை', எல்லாம் சரி. அச்சு ஓட ஆரம்பித்தது. அப்போது டத்தோ கிராமாட்டில் என் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவிடமிருந்து போன்.

"பாப்பாவுக்கு உடம்பு கொதிக்குது, வர்றியா?"

போட்டது போட்டபடி ஓடினேன். அன்று மாலை நான் டாக்டர் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தபோது, மெய் லிங் என் மேலிருந்த அன்பினால் நீளமாக வந்த தாளைத் தனித்தனியாகக் கிழித்து, மூன்றாக மடித்து, பெயர் மட்டும் வெளியே தெரியும்படி ஸ்டேப்பிள் அடித்து, பெட்டியில் அடுக்கி வைத்துவிட்டாள். அவள் படிக்கவில்லை. வாடிக்கையாளர் கடிதத்தைப் படிக்கக் கூடாது என்பது எங்கள் நிலையத்தின் முதல் விதி. எழுத்து உள்பக்கம் இருக்கும்படிதான் மடிப்போம்.

மறுநாள் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வீட்டில் அத்தைமார் உட்கார்ந்து அழைப்பிதழின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிக்கொண்டிருந்தார்கள். மாமி ஒரு கடிதத்தைக் கையில் எடுத்தார்.

"ஒண்ணப் பிரிச்சுப் பாக்கட்டுமா?"

"வேணாம் மாமி, மடிப்புக் கெட்டுடும். நான் மூணு தடவ செக் பண்ணிட்டேன்."

இந்த வாக்கியத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். மறக்க விடவும் மாட்டார்கள். நாத்தனார் கல்யாணக் கடிதத்தைக்கூட வாடிக்கையாளர் கடிதமாக மதித்து, படிக்காமல் தபாலில் போட்ட ஒரே ஆள் இந்தத் தீவில் நானாகத்தான் இருப்பேன்.

முதல் போன் நிபோங் திபாலிலிருந்து வந்தது. மாமியின் ஒன்றுவிட்ட தங்கை.

"அக்கா, கார்டு வந்துச்சு. ரொம்ப சந்தோஷம். மண்டபமெல்லாம் சரி. ஆனா உள்ள ஒரு பேப்பர் இருக்கே, அது எதுக்கு? எங்க வீட்டுக்காரரு காலையிலேருந்து சாப்பிடாம உக்காந்திருக்காரு."

"பஸ் விவரம்லா அது."

"பஸ்ஸா? பஸ் எங்க போகுதுக்கா?"

மாமியார் மெல்ல என்னைத் திரும்பிப் பார்த்தார். மிச்சமிருந்த ஒரு கடிதத்தின் ஸ்டேப்பிளை நகத்தால் பிரித்தேன். ஆங்கிலத்தில் இருந்ததை என்னால் முடிந்தவரை தமிழில் சொல்கிறேன்.

'அன்புடையீர், தங்களுக்கும் தங்கள் குடும்பத்தாருக்கும் உரிய இடம் தயாராகிவிட்டது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம். மலைச்சரிவு, கடற்காற்று, அமைதியான அக்கம்பக்கம். தாங்கள் இன்னும் காலம் தாழ்த்துவது ஏன்? குடும்பத்தோடு வந்து பார்வையிடுங்கள். தேநீர் வழங்கப்படும். முந்துகிறவர்களுக்கு நல்ல இடம்.'

மேலே, அழகாக, எழுத்துப் பிழையில்லாமல், என் கணவருடைய சித்தப்பாவின் பெயர். பட்டம்கூட விடவில்லை.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். குழந்தை என் மடியில் ஏறி அந்தத் தாளைத் தின்னப் பார்த்தது. தின்னட்டும் என்று விட்டேன். எல்லாத் தாளையும் தின்றுவிட மாட்டாயா என்றிருந்தது.

அடுத்த போனில் பெயர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒரு இருமல் கேட்டது.

"பெரிய கிராணி பேசுறேன். கம்ப்யூட்டர் மருமக இருக்காளா?"

"இருக்கேன் மாமா."

"நான் இன்னும் காலம் தாழ்த்துறது ஏன்னு கேட்டு எழுதியிருந்தியே. பதில் சொல்லணும். எல்லாரும் வாங்க. பேசணும்."

அவ்வளவுதான். வைத்துவிட்டார். அப்புறம் மாப்பிள்ளை ரகசியமாகப் போன் செய்து, அப்பா கல்யாணமே வேண்டாம் என்கிறார், அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார் என்று சாந்தினியிடம் சொன்னான். சாந்தினி அழவில்லை. என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னாள்.

"அண்ணி, நீங்க நல்லவங்கதான். எனக்குத் தெரியும். ஆனா கொஞ்ச நாளைக்கு என் கண்ணு முன்னால வராதீங்க, ப்ளீஸ்."

அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒருத்தி கண்ணில் படாமல் எப்படி இருப்பது? அன்று சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவே நான் எலி போல ஓடிக்கொண்டிருந்தேன்.

ஆபீசில் மெஷினைத் திறந்து பார்த்தேன். சவப்பெட்டிக் கடிதத்தின் பக்கத்தில், குழு என்ற இடத்தில், 'கல்யாணம்' என்று எழுதியிருந்தது. மிஸ்டர் லிம் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார்.

"அலாமா! அது அந்தத் தவுக்கே நம்பர் லா. யாரு உன்ன அத எடுக்கச் சொன்னா?"

"எங்களுக்கும் அது நல்ல நம்பர், சார்."

அவர் திரையை விரலால் தட்டினார். பிறகு, "நல்ல நம்பர்னா எல்லாருக்கும் நல்ல நம்பர்தான். அதான் ப்ராப்ளம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை சுங்கை பாக்காப்புக்குப் புறப்பட்டோம். காரில் மாமனார், மாமியார், கணவர், மடியில் குழந்தையோடு நான். வழி நெடுக நான் விளக்கத்தை மனப்பாடம் செய்தேன். உண்மையை எளிமையாகச் சொன்னால் படித்த மனிதர் புரிந்துகொள்வார் என்று நம்பினேன். (இன்றைக்கு நினைத்தாலும் காது சுடுகிறது.)

பெரிய கிராணி கூடத்தில் நடு நாற்காலியில் இருந்தார். நெஞ்சுக்கு மேல் பொத்தான் போடாத சட்டை. அறுவை சிகிச்சைத் தழும்பு தெரிந்தது. அதைப் பார்க்கக் கூடாது என்று நினைத்ததாலேயே என் கண் அங்கேயே போய் நின்றது. பக்கத்தில் மாப்பிள்ளை, தலை குனிந்து.

"சொல்லு" என்றார்.

"மாமா, அது எங்க மெஷின்ல நடந்த தப்பு. ஒவ்வொரு வேலைக்கும் தற்காலிகமா ஒரு ஆள உண்டாக்குவோம். வேலை முடிஞ்சதும் ஆள எடுத்திருவோம்."

"எடுத்திருவீங்களா?"

"பேர மட்டும்தான் மாமா. ஆள் போனாலும் நம்பர் அப்படியே நிக்கும். போனவங்களோட நம்பர் ஒண்ணு காலியா இருந்துச்சு. நல்ல நம்பரா இருக்கேன்னு அதுல உங்களப் போட்டுட்டேன்."

என் மாமனார் கண்ணை மூடிக்கொண்டார்.

"என்னைய எதுல போட்ட?"

"சவப்பெட்டிக்காரங்க குரூப்புல."

கணவர் என் காலை மிதித்தார். பதற்றத்தில் நான் இன்னும் நன்றாக விளக்கப் புறப்பட்டேன்.

"உங்கள மட்டும் இல்ல மாமா! எங்க பக்கம், உங்க பக்கம், எல்லாரையும்தான் போட்டேன்."

பெரிய கிராணி என் மாமனாரைப் பார்த்துச் சொன்னார்:

"உங்க மருமக மேல எனக்குக் கோபம் இல்ல. ஆனா மங்கள காரியத்துக்குள்ள இது வந்து விழுந்திருச்சு. என் பேரப் போட்டே வந்திருக்கு. இந்தக் கல்யாணம் வேணாம். என் மகன் பந்தல்ல உக்காந்திருக்கும்போது ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா, காலம் பூரா உங்க பொண்ணத்தான் ராசியில்லாதவன்னு சொல்வாங்க. அந்தப் பழி அவளுக்கு வேணாம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த மனிதருக்குக் கோபமே இல்லை. பயம். நான் அவருடைய பயத்தை எடுத்து, அவர் பெயர் போட்டு, தபாலில் அனுப்பியிருக்கிறேன். சாந்தினி வீட்டில் புடவையை மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் அழ, குழந்தையும் சேர்ந்து அழ, என் மாமியார் யாரைத் தேற்றுவது என்று தெரியாமல் இரண்டு பேர் முதுகையும் தட்டினார்.

மாப்பிள்ளையின் அம்மா உள்ளேயிருந்து தேநீர்த் தட்டோடு வந்தார். தட்டை வைத்துவிட்டு, மேசை மேல் கிடந்த கடிதத்தை எடுத்து, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எல்லோர் முன்னாலும் உரக்கப் படிக்க ஆரம்பித்தார். மகன் பதறினான்.

"அம்மா! அப்பா முன்னால..."

"சும்மா இருடா. மலைச்சரிவாம். கடற்காத்தாம்." அவர் தன் கணவரை ஏற இறங்கப் பார்த்தார். "அமைதியான அக்கம்பக்கமாம். உங்களுக்கு இது சரிப்பட்டு வராதுங்க. நீங்க கத்துற கத்துக்கு நாலே நாள்ல அங்க இருக்கிறவங்க எல்லாம் எந்திரிச்சு வேற எடத்துக்குப் போயிருவாங்க."

பெரிய கிராணி தன் மனைவியைப் பார்த்த பார்வையை என்னால் வர்ணிக்க முடியாது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு அந்த வீட்டில் முதல்முறையாக ஒருவர் அதைச் சொல்லிவிட்டார். அதுவும் கேலியாக.

"சாகாத ஆளுக்குத் தப்பாச் சாவுச் சேதி வந்தா அந்த ஆளுக்கு ஆயுசு கூடும்னு எங்க வீட்டுல சொல்வாங்க" என்று அந்த அம்மா தொடர்ந்தார். "இந்தப் பொண்ணு ரெண்டு பக்கமும் ஒருத்தர் விடாம அனுப்பியிருக்கா. மண்டபத்துல ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகாது. நீங்க பேரன் கல்யாணம் வரைக்கும் இருந்து என் உசிர வாங்குவீங்க. டீயக் குடிங்க."

பெரிய கிராணியின் தோள் குலுங்கியது. மாரடைப்பு என்று நினைத்து நான் எழுந்தேவிட்டேன். சிரிக்கிறார். சத்தமில்லாமல், தழும்பின் மேல் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறார்.

"சிரிக்க வைக்காதடி, வலிக்குது."

கடைசியில் என்னைப் பார்த்தார். கல்யாணம் நடக்கும் என்றார். ஆனால் ஒரு நிபந்தனை.

"இனிமே மெஷின் வேணாம். சிமிழ எடுத்துக்கிட்டு நீயே வீடு வீடாப் போயி வாயால கூப்பிடு. எங்க பக்கத்தையும் சேத்து. போற எடத்துல எல்லாம் இந்தக் கதைய நீயே சொல்லணும்."

போனேன். எந்த வழக்கத்திலிருந்து தப்பிக்க அந்தக் கடிதத்தை அடித்தேனோ அந்த வழக்கத்தைத் தலைமேல் சுமந்துகொண்டு, ஒரு கையில் குங்குமச்சிமிழும் இடுப்பில் குழந்தையுமாக, கணவருக்கு ஓய்வு கிடைத்த போதெல்லாம் போனேன். பைராம் தோட்டத்தில் ஒரு வீட்டில் செம்பனைக் கன்றுகளுக்கு நடுவே மோட்டார் சைக்கிள்களை நிறுத்திவிட்டு ஊரே கூடி நின்றது. மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னார்கள். 'ஆள் போனாலும் நம்பர் நிக்கும்' என்ற இடம் வந்ததும் பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து சிரித்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் தேநீர். வேண்டாம் என்றால் கல்யாணத்துக்கு வர மாட்டோம் என்றார்கள். நிபோங் திபாலில் மாமியின் சித்தப்பா மட்டும் சிரிக்கவில்லை.

"நான் போய்ப் பாத்துட்டு வந்துட்டேன்மா" என்றார்.

"எத தாத்தா?"

"அந்த எடத்தத்தான். குடும்பத்தோட வாங்கன்னு போட்டிருந்துச்சே. நீ அனுப்பி நான் போகாம இருந்தா நல்லா இருக்குமா? நல்ல காத்து. கறிபஃப் கொடுத்தாங்க. எடம் கொஞ்சம் சரிவா இருக்கு, எனக்குக் கால் முடியாது, அதான் யோசிக்கிறேன்."

காரில் ஏறியதும் கணவர் ஸ்டியரிங் மேல் தலையை வைத்துச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அடுத்த வீட்டில் என்ன காத்திருக்கிறதோ என்று குழந்தையின் பால்புட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தேன்.

கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. அழைத்தவர்களில் வராதவர் கிடையாது. கதையின் கதாநாயகியைப் பார்க்கவே பாதிப் பேர் வந்திருந்தார்கள். மண்டபத்தில் நாற்காலி தேடியவர்கள் எல்லாம் என்னிடம் வந்து, "எங்க எடம் தயாரா?" என்று கேட்டார்கள். தாலி கட்டும் வரை நான் தூணுக்குப் பின்னால் நின்று பெரிய கிராணியின் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன், ஏறி இறங்குகிறதா என்று. மேளம் முடிந்ததும் சாந்தினி மேடையிலிருந்து கண்ணால் தேடி என்னைக் கூப்பிட்டாள். கண்ணு முன்னால வரலாம் என்று அதற்கு அர்த்தம்.

வருஷங்கள் ஓடிவிட்டன. நான் இன்னும் அதே மாடியில்தான் வேலை பார்க்கிறேன். எண்ணை மெஷினே போட்டுக்கொள்கிறது, நான் கையைக் கட்டிக்கொள்கிறேன். எங்கள் குடும்பத்தில் நான் கொடுக்கும் எந்த உறையையும் யாரும் அப்படியே வாங்கி வைப்பதில்லை. நின்ற இடத்திலேயே பிரித்து, கடைசி வரி வரை படித்து, தாளைத் திருப்பியும் பார்த்துவிட்டுத்தான் நன்றி சொல்வார்கள். பெரிய கிராணி நன்றாக இருக்கிறார். முன்னைவிட அதிகமாகக் கத்துகிறார் என்று அவர் மனைவி சொல்கிறார்.

அன்று தாளைத் தின்னப் பார்த்த என் மகள் இப்போது தமிழ்ப்பள்ளியில் படிக்கிறாள். பெரிய கிராணியை அவள் அழைப்பது 'எடத்துத் தாத்தா' என்றுதான். யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டால் மொத்தக் குடும்பமும் வேறு பக்கம் பார்க்கும். போன பொங்கலுக்கு அவள் தானே ஒரு வாழ்த்து அட்டை வரைந்து, உறையின் மேல் 'எடத்துத் தாத்தா, சுங்கை பாக்காப்' என்று மட்டும் எழுதியிருந்தாள். பெயர் இல்லை, வீட்டு எண் இல்லை, தெரு இல்லை. நான் பார்ப்பதற்குள் என் கணவர் தபால்பெட்டியில் போட்டுவிட்டார். தபால்காரர் யாரென்று தேடுவார்? வேறு யார் வீட்டுக்காவது போய்விட்டால்? அங்கே வயதானவர் யாராவது இருந்து, 'எடம்' என்பதைப் படித்துவிட்டால்?

பொங்கலன்று போன் வந்தது. முதலில் ஒரு இருமல்.

"அட்டை வந்துச்சும்மா. தபால்காரன் நேரா எங்கிட்டதான் கொண்டாந்து கொடுத்தான். இந்தப் பக்கத்துல அது யாருன்னு கேக்க ஆளில்ல."

"நான் சரியான அட்ரஸ் போட்டு வேற ஒண்ணு அனுப்பவா மாமா?"

"நீயா?" என்றார் அவர். "வேணாம்மா. அவளுக்கு அட்ரஸ் நல்லாத் தெரியுது. நீ கிட்டப் போகாத."

வைத்துவிட்டார்.